பளிங்கு ஏரி, முன்பு சேற்று ஏரி

அணைக்கதவின் துருவேறிய திருகை மாற்ற
அக்டோபரில் ஏரியை வடித்தார்கள்.
ஒன்பது நாள் ஆனது.
பத்தாம் நாள் காலை, ரப்பர் பூட்ஸோடு
இறங்கி நடந்தோம்,
கோடையெல்லாம் நீந்திக் கடந்த ஆழத்துக்குள்.

விஸ்கான்சினின் வடக்கே, வரைபடத்தில்
கட்டைவிரல் ரேகையளவு நீர்.
முதல் வரைபடம் சேற்று ஏரி என்கிறது:
ஒரு சதுப்பு, நடுவில் ஒரு குட்டை, அவ்வளவுதான்.
அதற்கும் முன்பு வேறு பெயர் இருந்தது.
நில அளவைக்காரன் காதால் கேட்டான்,
எழுத்துக்கூட்ட வரவில்லை,
அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டான்.
அப்பெயரைச் சொன்னவர்களுக்குப்
பத்திரத்தில் அந்தக் கோடும் இல்லை.

பிறகு ரயிலேறி வந்தார்
மில்வாக்கிப் பல் மருத்துவர் எல்பிரிட்ஜ் ஹாஸ்கின்.
மர ஆலை கைவிட்டுப்போன அணையை
நான்கடி உயர்த்தினார்.
ஒரே வசந்தத்தில் குட்டை ஏரியானது.
பலகைக்கு வெள்ளையடித்து
'பளிங்கு ஏரி' என்றெழுத அரை டாலர்.
தண்ணீரிடம் யாரும் சொல்லவில்லை போலும்,
அது தேநீர் நிறத்திலேயே இருந்தது.

முப்பதடி அகலத்தில் நூற்றுப்பத்து மனைகள்.
தொண்ணூறு கட்டில் போட்ட விடுதி.
சனிக்கிழமை நீராவிப் படகு, பித்தளை வாத்தியம்,
தொப்பியைக் கழற்றாமல் தூண்டில் போடும் வக்கீல்கள்,
நெஞ்சுச் சளிக்குப் பைன் காற்று,
மனச்சுமைக்கும் அதே காற்று என்றது விளம்பரம்.

விளம்பரத்தில் வராத பதினேழு ஏக்கர்
நில்ஸ் ஓஸ்ட்பியின் புல்வெளி.
அறுப்புக்கு நின்ற புல்லோடு, வேலியோடு,
அப்படியே முழுகியது.
ஈடாக நாற்பது டாலர்;
மகள் ராக்னாவுக்கு விடுதியில் வேலை.

குளத்தோடு கோபித்துக்கொண்டு
கால் கழுவாமல் போனவனைப் பார்த்து நாம் சிரிப்போம்.
நில்ஸ் முப்பத்தோரு வருடம் கழுவவில்லை.
மாட்டைக்கூடக் கிணற்றுக்கே ஓட்டினார்.
சாகும்போது சொன்னது ஒன்றே:
கரைவழியே வேண்டாம்,
பெட்டியை மேட்டுவழியே தூக்குங்கள்.

ராக்னா தினமும்
தொண்ணூறு படுக்கை விரிப்புகளை
அந்த நீரில்தான் அலசினாள்.

விடுதி எரிந்தது. எப்படியென்று
நாலு கதை உண்டு, நாலிலும் ஒரு சுருட்டு வருகிறது.
மிஞ்சியது கணக்குப் புத்தகம்.
ஓர் ஈரமான மார்ச் மாதம்
ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன்:
பனிக்கட்டி இத்தனை வண்டி, வெண்ணெய் இத்தனை பவுண்டு,
ஆறு கோடைகள், திங்கள்தோறும்,
'கரண்டி ஒன்று குறைகிறது.
பணியாளர் கூலியில் பிடிக்கவும்.'
ஏழாவது கோடையில் கரண்டி குறையவில்லை.
ராக்னா துலூத்துக்குப் போய்விட்டாள்.

பத்தாம் நாளுக்கு வருகிறேன்.

வேலி நின்றுகொண்டிருந்தது.
கம்பி போய்விட்டது, கம்பங்கள்
இடுப்பளவில் கறுத்து, வரிசை பிசகாமல்.
உள்ளே சேற்றில், எட்டெட்டு அடிக்கு ஒன்றாக,
முலாம் உரிந்த கரண்டிகள்.
சிதறிக் கிடக்கவில்லை.
நாற்று நட்டதுபோல் இருந்தது என்று சொன்னால்
இங்கே யாருக்கும் புரியாது;
உருளைக்கிழங்கு ஊன்றியதுபோல் என்றேன், தலையாட்டினார்கள்.

ஒரே நாளில் அல்ல, ஒரே கோபத்திலும் அல்ல.
வாரம் ஒருநாள் படகைத் தள்ளி
வேலிக்கம்பம் எங்கே என்று துடுப்பால் தடவி
அளந்துதான் போட்டிருக்கிறாள்,
தன் கூலியில் பிடிக்கப்பட்டதை.
நான் இப்படி நினைக்கிறேன்.
பக்கத்து மனை டோபின் பையன்
பைத்தியக்காரி என்று நினைக்கிறான்.
அவன்தான் ஐம்பத்தெட்டு வரை எண்ணினான்,
அதற்குள் இருட்டிவிட்டது.

சங்கக் கூட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு ஓட்டெடுத்தார்கள்.
பணம் தேறவில்லை.
அதற்குள் கதவை மூடியாயிற்று,
பனி உருகி ஏப்ரலில் நான்கடியும் திரும்பிற்று.

ஒன்றை மட்டும் எடுத்துவந்தேன்.
கேட்டுத்தான் எடுத்திருக்க வேண்டும், யாரிடம் என்று தெரியவில்லை.
காலையில் அதில் தேநீர் கலக்குகிறேன்,
சன்னலுக்கு வெளியே
அதே நிறம்.